சீசர் 3: உங்க ரோமாபுரி எப்போ, எப்படி எரிஞ்சது? (அனுபவப் பகிர்வு)

கூடாரவாசி:

போன வாரம் பழைய ஹார்ட் டிஸ்கைக் கிளறினபோது சீசர் 3 சேவ் ஃபைல்கள் ஒரு ஃபோல்டர் நிறையக் கிடைச்சது. ஒண்ணோட பேரு "எரியுது1". அடுத்தது "எரியுது2". கடைசி ஃபைல் "போச்சு". திறந்து பார்த்தேன். போச்சுதான்.

1998ல இம்ப்ரெஷன்ஸ் செஞ்சு சியரா வெளியிட்ட, ரோமானிய ஊர் கட்டுற கேம். இங்கே வர்றவங்களுக்கு அறிமுகம் தேவைப்படாது. ஆளுக்கொரு தீ விபத்துக் கதை இருக்கும்னு தெரியும், அதைக் கேட்கத்தான் இந்த இழை. முதல்ல என் மானத்தை நானே வாங்கிக்கிறேன்.

முதல் மிஷன்ல வீட்டு மனை, கிணறு, சாலை தவிர பெருசா எதுவும் கட்ட முடியாது. ப்ரிஃபெக்சர் (தீயணைப்பும் காவலும் பார்க்கிற ஸ்டேஷன்) மெனுவிலேயே இருக்காது. முதல் வீடு தீப்பிடிச்ச பிறகுதான் அது திறக்கும். பத்திக்கிட்டாத்தான் பாடம் புரியும்னு கேமே திட்டம் போட்டு வெச்சிருக்கு. எனக்கு அது தெரியாது. கூடாரம் எரிய ஆரம்பிச்சதும் பதறிப்போய் மிஷனை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பேன். திரும்ப எரியும். திரும்ப ஆரம்பிப்பேன். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போச்சு. தீ வந்ததும் ஓடிப்போறவனுக்கு ப்ரிஃபெக்சர் எப்படிக் கிடைக்கும்? சிடி கொடுத்த நண்பனைக் கூப்பிட்டு "உன் சிடில ஃபயர் சர்வீஸே இல்லடா"ன்னு சண்டை வேற.

அடுத்த பாடம் கபுவாங்கிற ஊர் மிஷன்ல. அங்கே கணக்கு நோட்டுல கட்டம் போட்ட மாதிரி ஊர் அமைச்சேன். நாலு திசையிலும் சாலை, பத்தடிக்கு ஒரு நாற்சந்தி, மேல இருந்து பார்த்தா அவ்வளவு அழகு. எட்டு ப்ரிஃபெக்சர். ஆனா தென்கிழக்கு மூலையில இருந்த பன்னிரண்டு குடிசை மட்டும் வருஷம் தவறாம எரியும். ஒன்பதாவது ப்ரிஃபெக்சரை அந்தக் குடிசைக்கு எதிர்லயே கட்டினேன். அப்பவும் எரிஞ்சது.

கடைசியில மவுஸைக் கீழே வெச்சுட்டு, வேகத்தைக் குறைச்சு, ஒரே ஒரு ப்ரிஃபெக்டை (ப்ரிஃபெக்சர்ல இருந்து ரோந்து போற ஆள்) மட்டும் கண்ணால பின்தொடர்ந்தேன். ஆள் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தார். சந்திக்கு வந்தார். இடது பக்கம் குடிசை, வலது பக்கம் கோதுமை வயலுக்குப் போற வெறும் சாலை. வலது பக்கம் திரும்பினார். வயலோரமா ஒரு நடை போயிட்டு நிதானமாத் திரும்பி வந்தார். அடுத்த ரவுண்ட் நேரே போனார். அதுக்கடுத்தது வேற பக்கம். குடிசைப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கிறதுக்குள்ள ரிஸ்க் ஓவர்லேல (அபாயத்தைக் காட்டுற வரைபடத்துல) அந்தக் குடிசைங்க மேல தீ அபாயம் தூண் தூணா எழும்பி நிக்குது.

அப்போதான் புரிஞ்சது. ப்ரிஃபெக்ட் ஒரு கட்டடத்தைக் கடந்து நடந்தாலே அதோட தீ அபாயம் பூஜ்யத்துக்கு வந்துடும். வாளியைத் தூக்கிட்டு ஓடுறது அவரோட ரெண்டாவது வேலை, முதல் வேலை நடக்கிறது. எத்தனை ஸ்டேஷன் கட்டினோம்னு எண்ணிக்கிட்டு இருந்தேனே தவிர, யார் எந்தத் தெருவுல நடக்கிறாங்கன்னு பார்க்கவே இல்லை. நாற்சந்திகளை எல்லாம் உடைச்செறிஞ்சு, வீடுகளைச் சுத்தி ஒரே வளையமா சாலை போட்டேன். ஒன்பது ப்ரிஃபெக்சர் செய்யாததை ரெண்டு செஞ்சது.

உங்க கதையைச் சொல்லுங்க.

பானைப்பட்டறை:

உங்களுக்காவது ப்ரிஃபெக்ட் வெளியே வந்தார் சாமி. எனக்கு ஆளே வரலை.

நான் ஊரைச் சுத்தமா வெச்சுக்கிறேன்னு பட்டறை எல்லாத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒதுக்கிட்டேன். களிமண் குழி, பானைப் பட்டறை, கிடங்கு எல்லாம் ஒரே இடத்துல. நடுவுல ஒரு ப்ரிஃபெக்சர், கட்டடம் இடியாம பார்த்துக்க ஒரு இன்ஜினியர் போஸ்ட். வீடு ஒண்ணுகூடக் கிடையாது. புகை, சத்தம் இருக்கிற இடத்துல வீடு எதுக்குன்னு நினைப்பு.

ஊர்ல வேலையில்லாத் திண்டாட்டம் வேற, நூத்துக்கணக்குல ஆள் சும்மா நிக்கிறாங்க. ஆனா ப்ரிஃபெக்சரை ரைட் க்ளிக் பண்ணினா வேலையாள் பூஜ்யம்! சம்பளத்தை ஏத்திப் பார்த்தேன். வேலையாளைப் பங்கு போடுற லேபர் அட்வைசர்கிட்ட ப்ரிஃபெக்சருக்கு முதலிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒண்ணும் அசையலை. ஒரு பானைப் பட்டறை பத்திக்கிச்சு, பக்கத்துலதும் பத்திக்கிச்சு, அஞ்சு பட்டறை சாம்பல். பானை நின்னதும் ஊருக்குள்ள இருந்த நல்ல வீடெல்லாம் ஒரு படி கீழே இறங்கிடுச்சு. தீ ஆற்றைத் தாண்டவே இல்லை, ஆனா அடி விழுந்தது இந்தக் கரையில.

விஷயம் என்னன்னா, எந்தக் கட்டடமும் முதல்ல ஆள் தேட ஒருத்தரை அனுப்பும். அவர் குடியிருக்கிற வீடு ஒண்ணையாவது கடந்து போகணும். கடந்தாத்தான் வேலையாள் கிடைப்பாங்க. அந்த வீட்டுக்காரரே வந்து வேலை செய்யணும்னு இல்லை, மொத்த ஊர்க் கணக்குல இருந்துதான் ஆள் வரும். ஆனா வழியில வீடு இருக்கணும். நாலே நாலு கூடாரம் போட்டதும் அரை நிமிஷத்துல எல்லாம் ஓட ஆரம்பிச்சது.

அதுக்கப்புறம் முதல்ல எரிஞ்சது அந்தக் கூடாரம்தான். அது வேற கதை.

வில்லாவேண்டாம்:

பானைப்பட்டறை அண்ணே, நீங்க ஏழ்மையில எரிஞ்சீங்க. நான் பணக்காரனாகி எரிஞ்சேன்.

சிட்டி கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்ல (தொடர் மிஷனுக்கு வெளியே தனியா ஊர் கட்டுற பகுதி) ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து கட்டின ஊர். எல்லாம் கிராண்ட் இன்சுலா, அதாவது வில்லாவுக்கு ஒரு படி கீழே இருக்கிற பெரிய அடுக்குமாடி வீடு. ஒரு வீட்டுக்கு 84 பேர். எண்ணெய், பானை, மரச்சாமான், பள்ளிக்கூடம், குளியல் மண்டபம், குறையே இல்லை. கருவூலம் நிறைஞ்சிருக்கு. சும்மா இருக்க முடியாம ஒயினை இறக்குமதி பண்ணினேன்.

மார்க்கெட் அம்மா ஒயினைக் கொண்டுவந்து வீடு வீடாக் கொடுத்தாங்க. ஒரு தெரு முழுக்க சின்ன வில்லாவா மாறுச்சு. வெள்ளைச் சுவர், தோட்டம்னு பார்க்கவே குளுகுளுன்னு இருந்தது. எழுந்துபோய் டீ போட்டுட்டு வந்தேன். திரும்பி வந்தா தெருவுல தள்ளுவண்டி ஊர்வலம். சின்ன வில்லாவுல 40 பேருக்குத்தான் இடம். மிச்ச 44 பேரும் சட்டி பெட்டியோட வெளியே. அதைவிடப் பெரிய இடி, வில்லாவுல இருக்கிற 40 பேரும் பேட்ரிஷியன்ஸ், மேட்டுக்குடி, வேலைக்கே வரமாட்டாங்க! 84 பேர் இருந்த வீட்டுல இருந்து இப்போ ஒரு வேலையாள்கூடக் கிடையாது.

இருபது வீடு இப்படி மாறினா கணக்குப் பாருங்க. எல்லாத் துறையிலும் ஆள் பற்றாக்குறை. ப்ரிஃபெக்சர்ல பாதி ஆளோட ஓடுது, அதாவது ஒருத்தர் சுத்தி முடிச்சு அடுத்தவர் கிளம்ப ரொம்ப நேரம். முதல் தீ தியேட்டர் பக்கத்துல. எரிஞ்ச வீட்டுல இருந்தவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க, ஆள் இன்னும் குறைஞ்சது, அடுத்த ப்ரிஃபெக்சரும் படுத்தது. வில்லாக்காரங்களுக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஒரு சேதமும் இல்லை. ஒயின் குடிச்சுக்கிட்டே பார்த்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

இப்போல்லாம் ஒயின் கிடங்குக்கு வந்ததும் டிரேட் அட்வைசர்ல "ஸ்டாக்பைல்" போட்டுடுவேன். மார்க்கெட் தொடாது. ஏழை பாழைங்க வேலை செய்ய வேற ஒரு குடியிருப்பு தயாரானதும்தான் திறந்துவிடுவேன்.

கூடாரவாசி:

@வில்லாவேண்டாம், "ஒயின் குடிச்சுக்கிட்டே" படிச்சுட்டு ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். லேபர் அட்வைசர்ல ப்ரிஃபெக்சருக்கு முதலிடம் கொடுத்து வைக்கலையா?

வில்லாவேண்டாம்:

வெச்சிருந்தா இந்த இழையில நான் எதுக்குங்க.

கல்வெட்டுப்பிரியன்:

எல்லாருடைய கதையையும் ரசித்துப் படித்தேன். கேம் ஆடுவதைவிட அதன் பின்னாலிருக்கும் நிஜ ரோமைப் படிப்பதில்தான் எனக்கு நேரம் போகிறது. ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன்.

கேமில் கூடாரமும் குடிசையும் சட்டென்று எரியும், இன்சுலாவுக்கு மாறினால் தீ அபாயம் குறையும். நிஜத்தில் ரோமை எரித்ததே இன்சுலாக்கள்தான். பல மாடி வாடகைக் குடியிருப்புகள், மேல்மாடிகளில் மரச்சட்டம், சமைக்கக் கரியடுப்பு, வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. தண்ணீர் மேலே ஏறாது, குடத்தில் சுமந்துதான் போக வேண்டும். கீழ்த்தளத்தில் கடைகளும் வசதியானவர்களும், மேலே போகப் போக ஏழைகள். ஆக, தீப்பிடித்தால் கடைசியாகத் தெரியவருவது ஓட்டுக்கடியில் படுத்திருப்பவனுக்குத்தான். பேரரசர் அகஸ்டஸ் கட்டட உயரத்துக்கு 70 ரோமன் அடி என்று வரம்பு போட்டார், பிறகு பேரரசர் டிராஜன் அதை 60 ஆகக் குறைத்தார். கேமில் பணக்கார வீட்டுக்கு முந்தைய படியாக இன்சுலா வருவதைப் பார்த்தால் மேல்மாடிக்காரன் அழுதுவிடுவான்.

ப்ரிஃபெக்ட் விஷயத்தில் மட்டும் கேமைக் குறைசொல்ல மாட்டேன். தீயணைப்பதும் திருடனைப் பிடிப்பதும் ஒரே ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. கி.பி. 6இல் அகஸ்டஸ் அமைத்த விஜிலஸ் படை அப்படித்தான் இருந்தது. ஏழு பிரிவுகள், ரோமின் 14 வட்டாரங்களில் இரண்டு வட்டாரத்துக்கு ஒரு பிரிவு. இரவெல்லாம் ரோந்து, வாளி, கொக்கி, கைப்பம்பு, வினிகரில் நனைத்த கந்தல் போர்வை. கூடவே திருட்டு வழக்கும். கூடாரவாசி கண்டுபிடித்த "நடப்பதுதான் முதல் வேலை" என்பது அவர்களுக்கும் பொருந்தும்.

அப்படியும் கி.பி. 64இல் ஜூலை 18 இரவு சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற தேரோட்ட மைதானத்தின் ஓரக் கடைகளில் பிடித்த தீ ஆறு நாள் எரிந்து, அடங்கியது போலிருந்து மறுபடி கிளம்பியது. 14 வட்டாரங்களில் நான்குதான் முழுசாகத் தப்பின. அதற்குப் பிறகு நீரோ போட்ட விதிகள்தான் நமக்குச் சுவாரசியம்: அகலத் தெரு, வீட்டுக்கு வீடு தனிச்சுவர், குறிப்பிட்ட பகுதிவரை மரமே இல்லாமல் கல், வாசலில் தூண் மண்டபம். "பழைய சந்துகளில் நிழலாவது இருந்தது, இந்த அகலத் தெருவில் வெயில் சுடுகிறது" என்று அப்போதும் முணுமுணுத்தவர்கள் இருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

கேமுக்கு இன்னும் நெருக்கமான கதை நிக்கோமீடியாவில் நடந்தது. இன்றைய துருக்கியின் இஸ்மித். அங்கே பெருந்தீ வந்து பல வீடுகள் போயின. ஊர் மக்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஊரில் ஒரு பம்பும் இல்லை, ஒரு வாளியும் இல்லை. மாகாண ஆளுநராக இருந்த பிளினி, 150 பேருக்கு மிகாமல் ஒரு தீயணைப்புக் குழு வைத்துக்கொள்ளட்டுமா என்று டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். டிராஜன் மறுத்துவிட்டார். எந்தப் பெயரில் ஆட்கள் ஒன்றுகூடினாலும் கொஞ்ச நாளில் அரசியல் கும்பலாகிவிடும், சாமான்களை வாங்கி வை, தீ வந்தால் வீட்டுக்காரர்களே அணைக்கட்டும் என்று பதில். நாமும் ஆளுநர்தான், நமக்கு மேலும் சீசர்தான். ஆனால் ப்ரிஃபெக்சர் கட்ட நாம் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை.

ரெண்டேவரி:

இவ்வளவு எதுக்கு? பணம் இருந்தா தெருவுக்குத் தெரு ப்ரிஃபெக்சர் போடுங்க, முடிஞ்சது.

பாலைமணல்:

@ரெண்டேவரி, டமாஸ்கஸ்ல போய் அதைச் சொல்லுங்க. பாலைவன மாகாணங்கள்ல தீ அபாயம் மத்த இடத்தைவிட வேகமா ஏறும். லண்டினியம் மாதிரி வடக்குப் பக்கம் ஆடிட்டு அதே பழக்கத்துல இங்கே வந்தா அவ்வளவுதான். நான் வந்தேன்.

அதுவும் இல்லாம ப்ரிஃபெக்சர் பக்கத்துல இருந்தா தெருவோட மதிப்பு இறங்கும். நீங்க சொன்ன மாதிரி தெருவுக்குத் தெரு போட்டேன். வீடெல்லாம் குடிசை நிலையிலேயே நின்னுடுச்சு. குடிசைதான் சீக்கிரம் எரியும். அதுக்காக இன்னும் ப்ரிஃபெக்சர், அதனால இன்னும் மதிப்பு குறைவு. ஊருக்குக் காவல் போடப்போய் ஊர் முழுக்கக் காவல் நிலையமா ஆச்சு.

கடைசியில பாதியை இடிச்சுட்டு அந்த இடத்துல தோட்டமும் சிலையும் வெச்சேன். நீர்த்தொட்டியும் கோயிலும் கொடுத்து வீட்டை மேலே ஏத்தினேன். வீடு ஏற ஏற தீ தானா அடங்கிச்சு. மிச்ச ப்ரிஃபெக்சரை வீட்டு வளையத்துக்கு வெளிமுனையில, சந்தைக்குப் பின்னாடி தள்ளிவிட்டேன். அங்கே இருந்து கிளம்பினாலும் நடக்கிறது என்னவோ வீட்டுத் தெருவுலதானே.

இன்னொண்ணு, மதில் வாசல் கட்ட அனுமதி இருக்கிற மிஷன்ல சாலைக்குக் குறுக்க ஒரு வாசலை வெச்சுப் பாருங்க. சும்மா சுத்துற ஆளுங்க அதைத் தாண்ட மாட்டாங்க. வண்டிக்காரங்க, மார்க்கெட்டுக்குச் சரக்கு எடுக்கப் போறவங்க மாதிரி இலக்கு வெச்சு நடக்கிறவங்க மட்டும் தாண்டுவாங்க. வயல் பக்கம் உலாவப் போற ப்ரிஃபெக்டுக்கு இதுதான் மருந்து.

கூடாரவாசி:

எல்லாருக்கும் நன்றி. பாலைமணல் சொன்ன வாசல் விஷயம் இருபது வருஷமா எனக்குத் தெரியாது. இப்போ லேப்டாப்ல அகஸ்டஸ் (பேரரசர் இல்லை, சீசர் 3ஐ ரசிகர்கள் புதுசா செஞ்ச வடிவம்) போட்டிருக்கேன். பழைய கேமோட ஃபைல் இருந்தாப் போதும், பழைய சேவையும் அப்படியே திறக்குது. அதுல சும்மா சுத்துற ஆளுங்களைத் தடுக்க ரோடுபிளாக்னே தனியா ஒண்ணு இருக்கு.

நேத்து ராத்திரி "எரியுது1"ஐத் திறந்தேன். சாலையை உடைக்காம, மூணு சந்தியில மட்டும் ரோடுபிளாக் வெச்சேன். ப்ரிஃபெக்டுங்க வேற வழியில்லாம குடிசைத் தெருவையே சுத்திச் சுத்தி வந்தாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மூணு வருஷம். ஒரு பொறிகூட இல்லை. சந்தோஷமா வேகத்தை முழுசா ஏத்திவிட்டேன்.

நாலாம் வருஷம் தானியக் களஞ்சியம் இடிஞ்சு விழுந்தது. இன்ஜினியரையும் சேர்த்து அடைச்சு வெச்சிருந்திருக்கேன்.

புது சேவ் ஃபைல்: "இடியுது1".