சென்னையில் ஓவியக் கூடம்: வடக்கு வெளிச்சத்தை நம்பலாமா?

கேள்வி:
12×8 மீட்டர் கூடம், ஒரே தளம். கூரைமேல் வடக்கு பார்த்த செங்குத்துக் கண்ணாடி, 1.5 மீட்டர் உயரம். மாட்டப்போகும் ஓவியங்களில் பாதி நீர்வண்ணம், பாதி எண்ணெய் வண்ணம். நேர்வெயில் படாதுதானே?

பதில் 1:
படும். வடக்கு என்றால் பத்திரம் என்பது ஐரோப்பாவுக்குச் சரி. சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலே வடக்கிலிருந்துதான் வரும். அப்போது சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே இருக்கும், 30 செ.மீ. சன்ஷேட் தடுத்துவிடும். தொல்லை கொடுப்பது காலை, மாலை வெயில். அது பக்கவாட்டில் நுழையும். 45 செ.மீ.க்கு ஒன்றாக, 30 செ.மீ. ஆழத்தில் செங்குத்துத் தடுப்புகள் வையுங்கள்.

பதில் 2:
வெயிலைத் தடுத்தாலும் வெளிச்சம் அதிகம்தான். ஓவியம் மங்காமலிருக்க எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்ச அளவு), நீர்வண்ணத்துக்கு 50 தான் வரம்பு. இரண்டையும் ஒரே கூரைக்கண்ணாடியின் கீழ் மாட்டாதீர்கள். நீர்வண்ணத்துக்கு ஜன்னலில்லாத தனி அறை. லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது) போட்டால் புற ஊதாக் கதிர் பெருமளவு வடிகட்டப்படும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானின் கிம்பெல் அருங்காட்சியகத்தில் (டெக்சாஸ், 1972) கூரைப் பிளவுக்குக் கீழே துளையிட்ட அலுமினியத் தகடு தொங்குகிறது. வெளிச்சம் அதில் பட்டு வளைகூரைக்குத் திரும்புகிறது. அதன் வரைபடத்தைப் பாருங்கள்.

பதில் 3:
கண்ணாடிச் சட்டத்தைக் கூரைத் தளத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். சுற்றிலும் 15 செ.மீ. திண்டு கட்டி, நீர்க்காப்புப் பூச்சை அதன்மேல் வரை ஏற்றுங்கள். இல்லையேல் ஐப்பசியில் ஒழுகும். அப்புறம் சுவர்: வெறும் ஜிப்சம் பலகை கனமான ஓவியச் சட்டத்தைத் தாங்காது, பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வேண்டும்.