அம்மம்மா வீட்டார் குழு: கேக்கில் எந்த எண்?

வெள்ளி, 5 ஜூலை 2019

ராஜி, மாலை 5:40
நாளை ஆரணனின் பிறந்தநாள் கேக்குக்கு இன்று இரவு 9 மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் ரொறன்ரோக் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் சட்டை வடிவத்தில் கேக். முதுகில் 2 வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அது கவாயின் எண். ஒப்பந்தம் முடிந்ததால் அவர் வேறு அணிக்குப் போகப்போகிறார் என்று வானொலியில் சொல்கிறார்கள். 2 போடச் சொல்லவா?

வசந்தி சித்தி, 5:43
போடு பிள்ளை.

குமார், 5:43
லௌரியின் 7 போடலாம். அவர் இங்கேதான் இருப்பார்.

சிவா மாமா, 5:51
டைனோசர் போடுங்கள். அதற்கு ஒப்பந்தம் முடியாது.

கஜன், 5:58
அக்கா, பொறுங்கள். அவர் நிற்பார் என்று நம்பக் காரணம் இருக்கிறது. ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. வரும் பருவத்துக்கு அது 109.14 மில்லியன் அமெரிக்க டாலர். எட்டுப் பருவம் ஆடிய கவாய்க்கு அதில் 30 விழுக்காடு வரை கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு 32.7 மில்லியன். அதற்கு மேல் எந்த அணியும் கொடுக்க முடியாது. ஆனால் ஐந்தாவது ஆண்டை நாங்கள் மட்டுமே கொடுக்கலாம். ஆண்டுதோறும் 8 விழுக்காடு உயர்வும் எங்களிடம் மட்டும்தான். மற்றவர்களுக்கு 4 ஆண்டு, 5 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் இங்கே ஏறக்குறைய 190 மில்லியன், வெளியே 141.

வசந்தி சித்தி, 6:01
49 மில்லியனை விட்டுவிட்டு யார் போவார்?

சிவா மாமா, 6:02
போவார்கள் தங்கச்சி. கடை, வீடு எல்லாம் எழுதித் தருகிறேன் என்றாலும் போவார்கள்.

வசந்தி சித்தி, 6:02
அண்ணா, இன்று அந்தக் கதை வேண்டாம்.

சுதன் (கல்கரி), 6:04
நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் அப்பா.

ராஜி, 6:05
மோர்னிங்சைட் பார்க்கில் 11 மணிக்கு மேசை பிடிக்க வேண்டும். மடக்கு நாற்காலிகள் யாரிடம்?

குமார், 6:06
சித்தியிடம். பன்னிரண்டு.

வசந்தி சித்தி, 6:06
பத்து. உங்கள் குடிபுகுதலுக்குக் கொடுத்தபோது பன்னிரண்டு. திரும்பி வந்தது பத்து.

சிவா மாமா, 6:20
கஜன், ஒரு சந்தேகம். அவன் போனால் அந்த 32 மில்லியனுக்கு இன்னொரு நல்ல ஆளைப் பிடிக்கலாம்தானே? பிறகு ஏன் இவ்வளவு பதற்றம்?

கஜன், 6:31
முடியாது மாமா. பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இதுதான். கவாயைச் சேர்க்காமலே லௌரி, கசோல், இபாக்கா, பவல், வான்வ்லீட் ஆகியோரின் சம்பளம் மட்டும் 100 மில்லியனைத் தாண்டுகிறது. சியாக்கம், அனுனோபி என்ற இரண்டு இளைஞர்களையும் சேர்த்தால் வரம்பை ஒட்டி நிற்கிறோம். வெளியிலிருந்து பெரிய ஆட்டக்காரர் ஒருவரைக் கையெழுத்திட வைக்க வரம்புக்குள் இடம் வேண்டும். அந்த இடம் எங்களிடம் இல்லை. சொந்த வீரரை மட்டும் வரம்பைத் தாண்டியும் வைத்துக்கொள்ளலாம். பேர்ட் உரிமை என்பார்கள். அதற்கு மூன்று பருவம், ஒப்பந்தம் முடிந்து தன் விருப்பப்படி (ஃப்ரீ ஏஜென்டாக) அணி மாறாமல் ஆடியிருக்க வேண்டும். அணிகள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்டால் அந்த உரிமையும் வீரரோடு கூடவே வரும். கவாய் சான் அன்டோனியோவிலிருந்து வந்தபோது அப்படித்தான் எங்கள் கைக்கு வந்தது. ஆனால் அது கவாய்க்கு மட்டும் செல்லும் உரிமை. அவர் போனால், அந்தப் பணத்தை வேறொருவருக்குக் கொடுக்க முதலாளியே ஆசைப்பட்டாலும் விதி விடாது.

சிவா மாமா, 6:33
கடைக்காரனுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லு.

கஜன், 6:37
உங்கள் கடைக்கு மேல்மாடியை நினையுங்கள். புதிய வாடகைக்காரர் யாரையும் சேர்க்கக் கூடாது என்று நகராட்சி கட்டளையிட்டிருக்கிறது. ஏற்கெனவே இருப்பவருக்கு மட்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். அவர் பெட்டியைக் கட்டினால் அறை காலி. ஆனாலும் புதியவரை உள்ளே விட முடியாது.

சிவா மாமா, 6:39
விளங்கிவிட்டது. அவருடைய நாற்காலி அப்படியே காலியாக நிற்கும்.

வசந்தி சித்தி, 6:39
எந்த நாற்காலி? என்னிடம் பத்துத்தான் என்று சொன்னேனே.

குமார், 6:44
அப்படியானால் கவாயை எடுக்க டிரோசனை அனுப்பாமலே இருந்திருக்கலாம்.

வசந்தி சித்தி, 6:45
அதைச் சொல்லுங்கள். 2016இல் வேறு ஒரு அணியோடும் பேசாமல் இங்கேயே கையெழுத்திட்ட பிள்ளை. அவருடைய சட்டையை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

கஜன், 6:52
எனக்கும் அன்று மனம் கனத்தது சித்தி. ஆனால் வரம்பைத் தாண்டிய அணி ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் எடுத்தால், போகிற சம்பளமும் வருகிற சம்பளமும் கிட்டத்தட்டப் பொருந்த வேண்டும். கவாய்க்கு 20 மில்லியன், அவரோடு வந்த டனி கிரீனுக்கு 10. அதற்கு ஈடு வைக்கப் பெரிய சம்பளம் ஒன்று வேண்டும். டிரோசனின் 27.7 மில்லியன் அந்தக் கணக்குக்குள் பொருந்தியது. 139 மில்லியனுக்கு ஐந்து ஆண்டு என்று அவர் விசுவாசத்தோடு போட்ட கையெழுத்துத்தான் அவரை அனுப்பவும் வழி செய்தது. அதை நினைத்தால் இன்றும் கவலையாக இருக்கிறது.

ராஜி, 7:15
ரோல்ஸ் எண்பது போதுமா?

வசந்தி சித்தி, 7:16
நூறு சொல். குமாரின் அக்கா பிள்ளைகள் வந்தால் எண்பது காணாது.

குமார், 7:16
சித்தி…

ராஜி, 8:10
கேக்???

சுதன், 8:14
2 போடுங்கள் மச்சாள். பிள்ளை கேட்கிறான். பிலடெல்பியாவோடு ஆடியபோது கடைசி நொடியில் பந்து விளிம்பில் நான்கு முறை தட்டி விழுந்ததே, அது யாருடைய கையால்?

குமார், 8:15
அன்று மாமா எங்கள் கம்பளத்தில் கவிழ்த்த தேநீர்க் கறை இன்னும் இருக்கிறது.

சிவா மாமா, 8:16
புதுக் கம்பளம் வாங்கித் தருகிறேன் என்று அன்றே சொன்னேன். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.

கஜன், 8:30
இன்னொன்றும் இருக்கிறது. அவர் நின்றாலும் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்திடுவார் என்று எண்ண வேண்டாம். பத்துப் பருவம் முடித்தவருக்கு 30 விழுக்காடு 35 ஆகும். கவாய்க்கு அது 2021இல். அதனால் இரண்டு ஆண்டுக்கு மட்டும் கையெழுத்திட்டு, பிறகு பெரிய ஒப்பந்தம் கேட்பதுதான் அவருக்கு இலாபம். கிண்ணம் வென்ற ஊர்வலத்தில் ‘இன்னும் ஐந்து ஆண்டு’ என்று கத்தினோம். இரண்டு கிடைத்தாலே போதும்.

(பதில் இல்லை)

தேவி பெரியம்மா (லொஸ் ஏஞ்சலஸ்), இரவு 11:26
நிலநடுக்கம். நேற்றையதைவிடப் பெரிது. விளக்குகள் நெடுநேரம் ஆடின. நாங்கள் எல்லோரும் சுகம்.

வசந்தி சித்தி, 11:27
அக்கா! வெளியே வந்துவிட்டீர்களா?

தேவி பெரியம்மா, 11:29
முற்றத்தில் நிற்கிறோம். அம்மாவின் படம் மட்டும் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை.

சிவா மாமா, 11:30
அக்கா, உள்ளே போக அவசரப்படாதீர்கள். மருந்துப் பை கையில் இருக்கிறதா?

கஜன், 11:48
லாஸ் வேகாஸில் இளம் வீரர்களின் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு தூரத்துக்கு ஆடியிருக்கிறது. பெரியம்மா, பின்னதிர்வு வரும், கவனம்.

சனி, 6 ஜூலை 2019

சுதன், அதிகாலை 2:04
போய்விட்டார். லொஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ். ஒக்லஹோமாவின் போல் ஜோர்ஜும் அங்கேயே வருகிறார்.

சிவா மாமா, 2:06
நீ இன்னும் தூங்கவில்லையா?

சுதன், 2:06
இங்கே பன்னிரண்டுதான் அப்பா.

சிவா மாமா, 2:07
சரி. சாப்பிட்டாயா?

கஜன், 2:19
எல்லோரும் அதே ஊரின் இன்னொரு அணியான லேக்கர்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கவாய்க்காக அவர்கள் இடத்தை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். அந்த நாட்களில் மற்ற நல்ல வீரர்கள் ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். கிளிப்பர்ஸ் பெப்ரவரியிலேயே டொபாயஸ் ஹரிஸை அனுப்பிவிட்டுக் கணக்கைச் சுத்தமாக வைத்திருந்தது. கவாய்க்கு இடம் இருந்தது. ஜோர்ஜுக்கு இல்லை. அதனால் அவரை ஒக்லஹோமாவிடமிருந்து பரிமாற்றத்தில் எடுத்திருக்கிறார்கள். சம்பளக் கணக்குக்குக் கலினாரி, விலைக்கு ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டரும் புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து முதல்சுற்று உரிமைகளும். 49 மில்லியனும் ஐந்தாம் ஆண்டும் எங்கள் கையில் இருந்தன. அவர் கேட்டது பக்கத்தில் ஆட ஒரு ஜோர்ஜை. பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். உச்சவரம்பு எல்லா அணிகளின் காசையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிட்டால், யாரோடு ஆடுவது, எங்கே வாழ்வது என்று வீரர்தான் தீர்மானிப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

குமார், காலை 6:50
ஷே ஹமில்டன் பையன் அல்லவா?

கஜன், 6:51
ஆம். எங்கள் ஒன்ராறியோப் பிள்ளை. ஒரு பருவம்தான் ஆடினார், அதற்குள் அனுப்பிவிட்டார்கள்.

ராஜி, 7:10
கேக்கில் 2தான். நேற்று 8:50க்கே சொல்லிவிட்டேன். ஆரணனிடம் யாரும் மூச்சுவிடாதீர்கள்.

குமார், 7:11
என் தொலைபேசியில் அவன்தான் முதலில் பார்த்தான்.

வசந்தி சித்தி, 7:14
அழுதானா?

ராஜி, 7:15
அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான்.

வசந்தி சித்தி, 7:18
2க்கு முன்னால் 1 போட்டால் 12. வயதும் சரி.

ராஜி, 7:20
இடம் இருக்குமோ தெரியாது. கேக் செய்பவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

சிவா மாமா, 7:31
2 அப்படியே இருக்கட்டும். கிண்ணம் வாங்கித் தந்த எண். போகிறவர்களின் பெயரை அழித்துக்கொண்டிருந்தால் வீட்டில் ஒரு பெயரும் மிஞ்சாது.

சுதன், 7:33
நன்றி அப்பா.

சிவா மாமா, 7:34
கேக்கைப் பற்றிச் சொன்னேன்.

தேவி பெரியம்மா, 8:02
கவாய் எங்கள் ஊருக்கு வருகிறானாமே! ஆரணனுக்குச் சட்டை இனி வேண்டாம் என்றால் பேரனுக்கு அனுப்பச் சொல்லு ராஜி.

ராஜி, 8:03
பெரியம்மா, இப்போது கேட்காதீர்கள்.

கஜன், 8:40
டனி கிரீனும் லேக்கர்ஸுக்குப் போகிறார். இனி எங்களிடம் மிச்சம் இருப்பது வரம்பைத் தாண்டிய அணிகளுக்கு என்று விதி விட்டுவைத்த சலுகை, 9.26 மில்லியன். அதைப் பிரித்துக் கொடுத்து இரண்டு மூன்று இளம் வீரர்களை எடுக்கலாம். சியாக்கமும் அனுனோபியும் முதல் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே ஐந்து மில்லியன்கூட இல்லை. அடுத்த கோடையில் கசோலின் ஒப்பந்தமும் இபாக்காவின் ஒப்பந்தமும் முடிகின்றன. இந்த ஆண்டு சியாக்கத்தின் கையில் பந்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆரணனிடம் சியாக்கத்தின் 43ஆம் எண் சட்டையைப் பற்றி நான் பேசுகிறேன்.

ராஜி, 8:44
ஐஸ் யார் வாங்குவது?

குமார், 8:44
மாமா வாங்குவதாகச் சொன்னார்.

சிவா மாமா, 8:46
நான் தண்ணீர்ப் போத்தல் என்றுதான் சொன்னேன்.

வசந்தி சித்தி, 8:47
நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிட்டேன். பத்து.