பழைய இஎக்ஸ்5 வாங்கியாச்சு, எதை முதலில் பார்க்கணும்?

சிப்புட்_புதுசு:
அண்ணன்மாருக்கு வணக்கம். நான் மலேசியா, சுங்கை சிப்புட். 2005 ஹோண்டா இஎக்ஸ்5, கார்ப்பரேட்டர், கிக் ஸ்டார்ட். பல கை மாறி வந்த வண்டி, எனக்கு இதுதான் முதல் மோட்டர். பாதி ஓட்டம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில், பாதி தார் ரோட்டில்.

காலையில் பல தடவை உதைத்தால்தான் ஸ்டார்ட் ஆகுது. சூடானதும் சிக்னலில் நின்றால் அணைஞ்சிடுது. முதல் கியர் விழும்போது ‘டக்’னு குதிக்குது. பின் பிரேக்கை அடிவரைக்கும் மிதிக்கணும். செயின் மூடிக்குள் கரகரப்பு வேற. பார்த்த போர்மன் (பட்டறை மெக்கானிக்) ‘எஞ்சினை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்’னு சொல்லிட்டார். கையில் 300 வெள்ளி (ரிங்கிட்) தான், ஒரு ஸ்பானர் செட்டும் இருக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கறுப்புக்கை:
தம்பி, ஓவர்ஹால் பேச்சை ஓரமா வை. நிற்காத வண்டியை ஓட வைச்சு என்ன பண்றது? முதல்ல பிரேக்.

பின் டிரம்மில் பிரேக் ஆர்ம் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுசா மிதிக்கும்போது அந்த அம்பு பேனலில் இருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் பிரேக் ஷூ முடிஞ்சுபோச்சு. நட்டை முறுக்கி ஏமாத்தாதே, ஷூவை மாத்து. தொடலைன்னா ராட் முனை நட்டை முறுக்கி, பெடல் 2 முதல் 3 சென்டிமீட்டர் இறங்கினதும் பிடிக்கிற மாதிரி வை. சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பார், உரசக்கூடாது.

அடுத்தது எஞ்சின் ஆயில். இந்த வண்டிக்கு மாத்தும்போது சுமார் 0.7 லிட்டர்தான் போகும். இவ்வளவு சின்ன அளவில் கால் லிட்டர் குறைந்தாலே பெரிய குறைச்சல், அதனால் வாரம் ஒரு தடவை பார்க்கணும். நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, சில நிமிஷம் ஓடவிட்டு அணைச்சு, இரண்டு மூணு நிமிஷம் கழிச்சு குச்சியைத் துடைச்சு உள்ளே வை. மரையைத் திருகாமல் சும்மா வைச்சு அளக்கணும், திருகி அளந்தால் இருப்பதைவிட அதிகமா காட்டும்.

கடையில் ‘மினியாக் ஹித்தாம்’னு (மலாயில் கறுப்பு எண்ணெய், அதாவது எஞ்சின் ஆயில்) மட்டும் கேட்காதே. டப்பாவில் ஜேசோ எம்ஏ (JASO MA, ஆயிலில் ஊறும் கிளட்சுக்கான தரக்குறி) இருக்கான்னு பார். கிளட்ச் இதே ஆயிலில்தான் ஊறுது. சில கார் ஆயிலில் வழுக்கலுக்குச் சேர்க்கும் மருந்து கிளட்சையும் வழுக்க வைச்சிடும்.

இப்போ ஸ்டார்ட்டிங். குளிரில் கஷ்டம், சூட்டில் அணையுது: இரண்டும் சேர்ந்தால் எனக்கு முதல் சந்தேகம் வால்வு இடைவெளி மேலே, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் இருக்கும் சந்து. எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சூட்டில் வால்வு நீண்டதும் முழுசா மூடாது, கம்ப்ரெஷன் கசியும். அளவு இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர், எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். இரண்டு டாப்பெட் மூடி, இடது பக்கத்து இரண்டு மூடி, பிளக் எல்லாத்தையும் கழட்டு. ஃப்ளைவீல் நட்டை இடஞ்சுழியாத் திருப்பி ‘டி’ குறியைக் கோட்டுக்கு நேரா கொண்டு வா. அப்போ ராக்கர் இரண்டும் லேசா ஆடணும். ஆடலைன்னா அது வேற ஸ்ட்ரோக், இன்னொரு முழுச் சுற்று. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடியோட நழுவணும். லாக் நட்டை இறுக்கினதும் மறுபடி அளக்கணும், இறுக்கும்போதே ஸ்க்ரூ நகரும்.

ஓவர்ஹால் எப்போ? வேகம் கூட்டும்போது தொடர்ந்து நீலப்புகை, ஆயிலும் குறைஞ்சுகிட்டே போகுது, அப்போ பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு, ஓவர்ஹால்தான். காலையில் மட்டும் ஒரு கொத்துப் புகை வந்து நின்னுட்டால் பெரும்பாலும் வால்வு சீல்.

ஈப்போ_ஸ்பானர்:
அண்ணன் சொன்னதை முடிச்சிட்டு கார்ப்பரேட்டருக்கு வாங்க. பலர் நேரா இதில்தான் கை வைச்சு இருந்த செட்டிங்கையும் கெடுக்கிறாங்க.

முதல்ல பிளக். நுனி பிஸ்கட் நிறம்னா நல்லது. காய்ந்த கரி: பெட்ரோல் அதிகம், இல்லைன்னா ஏர் ஃபில்டர் அடைப்பு. வெளுத்திருந்தால் காற்று அதிகம். புது பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகிட்டு அப்புறம் ஸ்பானர் போடுங்க, ஹெட் அலுமினியம், மரை போனால் செலவு பெரிசு.

அப்புறம் கார்ப்பரேட்டர் அடிக் கிண்ணத்து டிரெய்ன் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடிக் குவளையில் பிடிங்க. மழைக்காலத்தில் அடியில் தண்ணி குண்டு குண்டா தனியா நிற்கும். துரு வந்தால் டேங்கையும் பார்க்கணும்.

வால்வு சரியா இருந்தும் சிக்னலில் அணைஞ்சால் முக்கியக் காரணம் ஸ்லோ ஜெட் (ஐடிலில் பெட்ரோல் வரும் சின்னத் துளை) அடைப்பு. கார்ப் கிளீனர் அடிச்சு, காத்து ஊதுங்க. கம்பி விட்டுக் குடையக்கூடாது, துளை பெரிசானால் பெட்ரோல் கூடிடும். காற்று ஸ்க்ரூவைக் கழட்டும் முன்னே மெதுவா உள்ளே திருகி எத்தனை சுற்றுன்னு எழுதி வைங்க, திரும்ப அதே அளவில்தான் மாட்டணும்.

செம்பனை_ரோடு:
கியர் குதிப்பும் செயின் கரகரப்பும் நான் சொல்றேன். ஐடில் அதிகமா இருந்தாலே முதல் கியர் குதிக்கும், அதை முதல்ல குறை. அப்புறம் கிளட்ச் அட்ஜஸ்ட், வலது பக்கம் எஞ்சின் மூடியில் இருக்கு. லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை வலஞ்சுழியா ஒரு சுற்று, பிறகு இடஞ்சுழியா லேசாத் தடுக்கும் வரைக்கும், அங்கிருந்து திரும்ப வலஞ்சுழியா எட்டில் ஒரு சுற்று. ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கிட்டே நட்டை இறுக்கு. இதுக்குக் காசே வேண்டாம் லா. அப்பவும் ‘டக்’ போகலைன்னா பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பரைப் பார்.

இஎக்ஸ்5-ல் செயின் முழு மூடிக்குள் ஓடுது. வெளி மண் உள்ளே போகாதுன்னு நினைப்பாங்க, ஆனா உள்ளே போன செம்மண் வெளியே வராது. தேய்க்கும் பசை மாதிரி பல்லைத் தின்னுடும். மூடியைக் கழட்டி மண்ணெண்ணெய்யில் கழுவு, கியர் ஆயில் 90 விடு. பின் பல்சக்கரத்தில் செயினைப் பின்பக்கமா இழுத்துப் பார், பாதிப் பல் தெரிஞ்சால் செட்டா மாத்து. பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போயிடும். இணைப்பு கிளிப்பின் மூடின பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்கணும்.

சிப்புட்_புதுசு:
ரொம்ப நன்றி அண்ணே. ஆயில் டிரெய்ன் போல்ட்டைத் தொட்டேன், இறுகாமல் சுத்திக்கிட்டே இருக்கு. டேப் சுத்திப் போடலாமா?

கறுப்புக்கை:
வேண்டாம். கேஸ் மரை போயிருக்கு. நடுவழியில் போல்ட் கழண்டால் ஆயில் கொட்டி எஞ்சின் பிடிச்சுக்கும், பின் டயரிலும் ஆயில் படும். கடையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலா உள்ளே பொருத்தும் கம்பிச் சுருள்) போடச் சொல்லு, இல்லைன்னா ஒரு அளவு பெரிய போல்ட்டுக்கு மரை வெட்டச் சொல்லு. வெட்டும்போது விழும் தூள் உள்ளே தங்கக்கூடாது, கொஞ்சம் ஆயில் ஊத்தி அலசிவிடணும். வாஷரும் புதுசா. அதுவரை வண்டியை எடுக்காதே.

ஈப்போ_ஸ்பானர்:
இதுக்கிடையில் கிரான்ட்டை (வண்டிப் பதிவுப் பத்திரம்) எடுத்து எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்க. 150 சிசி வரைக்கும் ரோட் டாக்ஸ் 2 வெள்ளிதான், ஆனா பெயர் மாத்தலைன்னா இன்சூரன்ஸில் சிக்கல் வரும். நம்பர் ஒத்துப்போகலைன்னா செலவழிக்கும் முன்னே விற்றவர்கிட்ட பேசிடுங்க.