மறுமொழி: ‘ரென்ட் சீக்கிங்’ தமிழில் ‘தடைவருவாய் நாடல்’ ஆகலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம். ‘ரென்ட் சீக்கிங்’ என்பது, அரசின் தடையாலும் அனுமதியாலும் கிடைக்கும் மிகை வருவாயைப் பிடிக்க அலைவதைக் குறிக்கும் பொருளியல் சொல். அதைத் தமிழில் ‘தடைவருவாய் நாடல்’ எனலாம் என்ற என் பரிந்துரைக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ரென்ட் என்றால் வாடகை. ‘வாடகை தேடல்’ என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் எளிது.

ஐயா, எளிதாக இருக்காது. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ‘வாடகை தேடல்’ என்று சொன்னால், தோட்டத்தை விட்டு வெளியேறி டவுனில் வீடு பார்க்கும் குடும்பம்தான் நினைவுக்கு வரும். இந்நாட்டுப் பள்ளிகளில் பொருளியலை மலாயில் கற்பிக்கிறார்கள். ஆகவே தமிழ்ச் சொல்லுக்குப் பாடநூல் விளக்கம் துணை வராது. நாளிதழ்க் கட்டுரையிலோ கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலோ முதன்முறை காதில் விழும்போதே பொருள் பிடிபட வேண்டும்.

பொருளியலாளர் ரிக்கார்டோ 1817இல் எழுதிய ரென்ட், நல்ல நிலம் கையில் இருப்பதாலேயே உடையவருக்குச் சேரும் மிகுதி. அதற்கு ‘வாரம்’ என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. நிலமுடையவர் பங்கை மேல்வாரம், உழுபவர் பங்கைக் குடிவாரம் என்று உழவர் வழக்கிலேயே பிரித்துச் சொன்னார்கள். பொருளியலாளர்கள் கார்டன் டல்லக் 1967இல் விளக்கியதும், ஆன் க்ரூகர் 1974இல் ‘ரென்ட் சீக்கிங்’ என்று பெயரிட்டதும் வேறு. அரசு ஒரு தொழிலின் வாசலை அடைக்கிறது. உள்ளே விடப்பட்டவருக்கு விலை ஏறுகிறது. அந்த இடத்தைப் பிடிக்கப் பலரும் பணத்தையும் காலத்தையும் செல்வாக்கையும் கொட்டுகிறார்கள். கொட்டியதால் நாட்டில் எந்தப் பொருளும் கூடுதலாக விளைவதில்லை. இந்தியாவில் 1964இல் இப்படிப்பட்ட வருவாய் தேசிய வருமானத்தில் 7.3 விழுக்காடு என்று க்ரூகர் மதிப்பிட்டார். 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று சாடியதும் இதைத்தான்.

நமக்கு இந்தியா வரை போக வேண்டியதில்லை. பால்மரமே, அதாவது ரப்பர் மரமே, போதும். விலை விழுந்ததால் 1922 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் ஒவ்வொருவரும் எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்பதற்கு அளவு வைத்தார்கள். பெரிய தோட்டங்களிடம் கணக்குப் புத்தகம் இருந்தது. 1920 வரையிலான ஓராண்டு விளைச்சலைக் காட்டி அளவு வாங்கிக்கொண்டன. சிறுதோட்டக்காரர்களிடம் கணக்கு ஏது? ஏக்கருக்கு இவ்வளவு என்று அதிகாரிகள் எழுதியதே அவர்களுடைய அளவு. அந்த மதிப்பீடு அவர்களுக்குப் பாதகமாகவே இருந்தது என்பதைப் பொருளியலாளர் பீட்டர் பாவர் 1948இல் வெளியிட்ட ரப்பர் ஆய்வில் காட்டினார். அளவுக்குரிய ஏற்றுமதி உரிமைச் சீட்டுகளான கூப்பன்கள் கைமாறின, காசாயின. மரத்தில் கத்தி வைக்காமலே தாளிலிருந்து வருமானம்! டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள் (இன்றைய இந்தோனேசியா) இதில் சேராமல் நட்டுக்கொண்டே போனதால் 1928இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் பாடம் படிக்கவில்லை. 1934இல் டச்சுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு பன்னாட்டு ஒப்பந்தம் போட்டார்கள். புதுநடவு பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. அதற்குச் சற்றுமுன் உலகப் பொருளாதார மந்தக் காலத்தில் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எஞ்சியவர்களில் ஒருவர் சிறுகச் சிறுகச் சேமித்து இரண்டு ஏக்கர் பால்மரம் நடலாம் என்று எண்ணியிருந்தால், சட்டம் குறுக்கே நின்றிருக்கும். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

> ‘சலுகைவேட்டை’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், அண்ணன். ஆனால் நம் ஊரில் சலுகை என்பது ஏழைக்குரிய சொல். கல்வி உதவி கேட்டு மனு எழுதும் பிள்ளையும், தோட்டம் விற்கப்பட்டபின் மாற்று வீடு கேட்டு வருடக்கணக்காக நிற்கும் முன்னாள் தொழிலாளியும் சலுகைவேட்டைக்காரர் ஆகிவிடுவார்கள். கூப்பன் பெற்ற கம்பெனியையும் அவர்களையும் ஒரே சொல்லால் அழைக்க நான் உடன்படமாட்டேன். ‘குத்தகை’யும் இங்கே உதவாது. மலேசிய நாளிதழ்களில் குத்தகையாளர் என்பவர் வீடு கட்டும், சாலை போடும் மனிதர்.

இந்த வருவாய் எங்கிருந்து வருகிறதோ அது சொல்லிலேயே தெரியட்டும் என்பதால் ‘தடைவருவாய்’ என்கிறேன். அதற்காக அலைவது ‘தடைவருவாய் நாடல்’. டாக்சி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெர்மிட் வேறொருவர் பெயரில். வண்டியை ஓட்டியவர் சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று கட்டினார். அவர் கட்டியதில் வண்டிக்கான வாடகை போக மிஞ்சியது தடைவருவாய்.

> தொழிலாளிக்கு அரசின் பாதுகாப்பு வேண்டாமா? இது அரசையே வேண்டாம் என்பவர்களின் சொல் அல்லவா?

டீச்சர், இந்தக் கருத்தை வளர்த்தவர்களில் பலர் சுதந்திரச் சந்தைவாதிகள் என்பது உண்மை. பாவருக்கு 2002இல், சுதந்திரச் சந்தையை ஆதரிக்கும் அமெரிக்க ஆய்வு நிறுவனமான கேட்டோவின் மில்டன் ஃப்ரீட்மன் பரிசு வழங்கப்பட்டது. நானும் அந்தப் பக்கம் சாய்பவன்தான்: அடைக்கும் அதிகாரம் இருக்கும்வரை வாசலில் ஆள் நிற்பார்கள், அதிகாரியை மாற்றுவதால் மட்டும் அது தீராது என்று நம்புகிறேன். நேர்மையான அதிகாரி போதும் என்பவரும் இதே சொல்லால் தன் வாதத்தை வைக்கலாம். கூலிச் சட்டமும் பாதுகாப்புக் கவசமும் வேண்டும் என்பதற்கு இச்சொல் எதிரி இல்லை. 1922இலும் 1934இலும் அரசின் கை யாருக்காக நீண்டது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஒரு குறை உண்டு. கம்பெனிகள் மானியம் கேட்டு அலைவதையும் பொருளியலாளர்கள் இதில் சேர்ப்பார்கள். அங்கே தடை எதுவும் இல்லை. அதற்கு ‘அரசாதாயம் நாடல்’ என்று பொதுச்சொல் வைத்து, தடைவருவாயை அதன் உட்பிரிவாக்கலாம். நீளம் கூடும், ஆனாலும் இரண்டையும் குழப்பாமல் இருப்பது எனக்கு முக்கியம்.

‘நாடுவோர்’ சரியாக வருகிறது. ‘நாடி’ வேண்டாம், மருத்துவரிடம் போய்விடும். நாளிதழில் பணிபுரியும் நண்பர்கள் பெர்மிட் பற்றிய அடுத்த செய்தியில் ‘தடைவருவாய்’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்து, வாசகர் விளக்கம் கேட்டார்களா என்று இங்கே தெரிவியுங்கள்.