ஆபீஸ் சுவருக்கு பிராண்ட் கலரில் அப்ஸ்ட்ராக்ட் கேன்வாஸ்: ஆரஞ்சு மட்டும் ஏன் மங்குது?

கிண்டி_இன்டீரியர்
கிண்டியில் ஒரு ஐடி கம்பெனி ரிசெப்ஷன். 22 அடி சுவர், முன்னாடி 9 அடி டெஸ்க். லோகோவையே திரும்பச் சுவரில் ஒட்டாம, கம்பெனி கலரில் அப்ஸ்ட்ராக்ட் ஓவியமா வேணும்னு கிளையன்ட் கேட்கிறாங்க. பளிச்னு ஒரு ஆரஞ்சு, அடர்த்தியான டீல் (நீலப்பச்சை), இந்த ரெண்டுதான் கலர். வெப்சைட்டுக்கான ஹெக்ஸ் கோடு (ஸ்கிரீன் கலரைக் குறிக்கிற எண்) மட்டும் கொடுத்திருக்காங்க. 3க்கு 4 அடியில் மூணு கேன்வாஸ் பிளான். சாம்பிள் பிரின்ட்ல டீல் ஓகே, ஆரஞ்சு செங்கல் பொடி மாதிரி வருது. பிரின்ட்லயே சரி பண்ண முடியுமா, இல்ல ஓவியரை வச்சு வரையறதுதான் வழியா?

மைக்குப்பி
சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை மட்டும் போடுற சிஎம்ஒய்கே மெஷினா இருக்கும். மெஜந்தாவையும் மஞ்சளையும் கலந்து வர்ற ஆரஞ்சு, ஸ்கிரீன்ல பார்க்கிற அளவுக்குத் தெளியாது. எத்தனை தடவை கரெக்‌ஷன் போட்டாலும் அதே கதைதான். ஆரஞ்சு மை தனியா இருக்கிற 10, 12 கலர் பிக்மென்ட் பிரின்டர் வச்சிருக்கிறவங்ககிட்ட போங்க. ஃபைலை சிஎம்ஒய்கே ஆக்காம, அடோபி ஆர்ஜிபி 16 பிட் டிஃப் ஃபைலா (கலர் வீச்சு அதிகமா தாங்கும்) கொடுங்க. அந்தக் கேன்வாஸுக்கான ஐசிசி புரொஃபைலை (அந்த பிரின்டர் அதில் எந்தக் கலரை எப்படித் தரும்னு சொல்ற ஃபைல்) அவங்ககிட்ட வாங்கி சாஃப்ட் ப்ரூஃப் போட்டு, அதாவது பிரின்ட் எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே பார்த்தா, எந்தக் கலர் எட்டாதுன்னு காசு செலவாகும் முன்னாடியே தெரிஞ்சிடும்.

ஹெக்ஸை நம்பாதீங்க, கிளையன்ட்கிட்ட பேன்டோன் எண் (அச்சுக்கான பொது நிற அட்டையில் இருக்கிற எண்) கேளுங்க. ஒரே எண்ணுக்கு கோட்டட் (பூச்சுள்ள தாள்), அன்கோட்டட் (பூச்சில்லாத தாள்)னு ரெண்டு சிப், அதாவது மாதிரித் துண்டு, உண்டு. மேட் கேன்வாஸ்ல அன்கோட்டட் சிப்தான் கிட்ட வரும். அதை வச்சே கையெழுத்து வாங்கிடுங்க, இல்லன்னா விசிட்டிங் கார்டைப் பக்கத்தில் பிடிச்சு சண்டை வரும். ஸ்பெக்ட்ரோவில் (நிறம் அளக்கிற கருவி) அளந்து டெல்டா ஈ, அதாவது ரெண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசம், 3க்குள்ள இருந்தா போதும்.

சாம்பிளை அதே கேன்வாஸ்ல, அதே வார்னிஷ் அடிச்சு, ஒரு நாள் காயவிட்டு, அந்த ரிசெப்ஷன் லைட்டுக்குக் கீழேயே பாருங்க. மேட் வார்னிஷ் அடர் நிறத்தை வெளுக்க வைக்கும், பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் ஆழமாக்கும், ஆனா சீலிங் லைட் எல்லாம் அதில் தெரியும். சிஆர்ஐ (வெளிச்சம் நிறத்தை எவ்வளவு அசலா காட்டுதுங்கிற அளவு) 80 இருக்கிற எல்இடி பேனல்ல ஆரஞ்சும் சிவப்பும் செத்துப் போகும். 90க்கு மேல இருக்கிற டிராக் லைட்டை 30 டிகிரி சாய்வில் கொடுங்க. பாதிப் புகார் அதுலயே தீர்ந்துடும்.

சைஸ்: 38 மிமீ ஃபிரேமை மடிச்சு ஸ்டேப்பிள் பண்ண ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் விடணும். அப்போ பிரின்ட் 42க்கு 54 அங்குலம், 44 அங்குல ரோல்ல அடங்கும். 150 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 150 புள்ளி) 6300க்கு 8100 பிக்சல். 40 அங்குல அகலம்னு மாத்தினா 46 ஆகி ரோலைத் தாண்டிடும், விலையும் எகிறும்.

தூரிகைக்காரன்
கையால் வரைஞ்சா ஆரஞ்சு பிரச்சினையே இல்ல. பைரோல் ஆரஞ்சு பெயின்ட் அப்படியே குழாயிலேயே பளிச்னு இருக்கு. டீலுக்கு தாலோ ப்ளூ, தாலோ கிரீன், கொஞ்சம் வெள்ளை. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க: அக்ரிலிக் காய்ஞ்சா ஒரு படி கருக்கும். ஈரத்தில் மேட்ச் பண்ணாம, கார்டுல தடவி, ஹேர் டிரையரில் காயவச்சு, அப்புறம் சிப்போட ஒப்பிடணும். மூணு கேன்வாஸுக்கும் ஒரே தடவையா, தேவைக்கு ஒன்றரை மடங்கு கலந்து மூடி வைக்கச் சொல்லுங்க. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தா அந்த இடம் தனியா தெரியும். நியான் பெயின்ட் வேண்டவே வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும்.

கலர் சரியா வந்தும் ஓவியம் பேனர் மாதிரி தெரியறதுக்குக் காரணம் அளவு. ஆரஞ்சும் டீலும் சரிபாதியா, ரெண்டும் முழுச் செறிவா பக்கத்தில் பக்கத்தில் வந்தா ஓரம் கண்ணைக் கூசும். டீலைச் சாம்பலும் வெள்ளையும் கலந்து நாலஞ்சு படியா இறக்கி, பெரும் பரப்பை அதுக்கே விடுங்க. அசல் ஆரஞ்சு பத்துல ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம், அதுவும் ஒரு கேன்வாஸ்ல மட்டும் திரண்டு நிக்கட்டும். லோகோ வளைவை ஓவியத்துக்குள்ள ஒளிச்சு வைக்கலாமேனு மீட்டிங்கில் ஒருத்தர் நிச்சயம் கேட்பார். மெதுவா தவிர்த்துடுங்க.

கிண்டி_இன்டீரியர்
நன்றி ரெண்டு பேருக்கும். ஒரு ஓவியரோட பழைய படத்தை வாங்கி, ஃபோட்டோஷாப்பில் கம்பெனி கலருக்கு மாத்தி பிரின்ட் போட்டா? கிளையன்டுக்கு அந்த ஐடியாவும் இருக்கு.

வரைவு57
எழுத்தில் அனுமதி இல்லாம தொடாதீங்க. படத்தை வாங்கினா காப்புரிமை கூடவே வராது. கலர் மாத்தி பிரின்ட் போடறதுக்கு அந்த உரிமை தனியா வேணும். காசு கொடுத்து புதுசா வரையச் சொன்னா, 1957 காப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவுப்படி, வேற ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை வரையச் சொன்னவருக்கு. ஆனாலும் 57ஆம் பிரிவு ஓவியரோட தனி உரிமை. படைப்பைச் சிதைச்சு தன் பேருக்குக் கேடு வந்தா அவர் வழக்கு போடலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலோட வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைக் கழட்டிச் சேதப்படுத்தின வழக்கில், 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் இழப்பீடு தரவும் சொல்லுச்சு. அதனால, எந்த நிறங்களுக்கு மாத்தலாம், எத்தனை பிரதி, எந்த ஆபீஸ்களில், இறுதி ப்ரூஃபில் ஓவியரோட ஒப்புதல், இந்த நாலும் ஆர்டர்லயே இருக்கட்டும்.

மைக்குப்பி
மாட்டும்போது: படத்தோட மையம் தரையிலிருந்து 150 செமீங்கிறது வெறும் சுவருக்கு. உங்களுக்கு டெஸ்க் இருக்கு, அதுக்கு மேல 8 அங்குலமாவது விட்டு ஏத்துங்க. இடைவெளி 3 அங்குலம்னா மொத்தம் ஒன்பதரை அடி, டெஸ்க்குக்குச் சரியா உட்காரும். ஜிப்சம் பார்டிஷன்னா இசட் கிளிப்பை (ஒண்ணோட ஒண்ணு கொக்கியா மாட்டுற உலோகப் பட்டை) உள்ளே இருக்கிற ஸ்டட்ல, அதாவது நிமிர்ந்து நிக்கிற சட்டத்தில், முடுக்குங்க. வெளிச்சுவர்னா பின்னாடி ரப்பர் பம்பர் வச்சு 10 மிமீ காத்துக்கு விடுங்க, இல்லன்னா மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஏசி அணைஞ்சிருக்கிற வார இறுதி ஈரத்தில் கேன்வாஸ் தொய்யும். 4 அடி நீளத்துக்கு நடுக்கட்டையும், மூலையில் தட்டி இறுக்குற ஆப்பும் ஃபிரேம் போடும்போதே கேட்டு வாங்குங்க.