மூன்று நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சென்டர்: எய்ட்டனைக் கொடுத்து நுர்கிச்சை வாங்கியது சரியா?

பெயிண்ட்காவலன்:
NBA கூடைப்பந்து லீக்கில், போர்ட்லேண்ட் ஒப்பந்தத்தைப் பேசித் தீர்த்து விடுவித்த சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) டீஆண்ட்ரே எய்ட்டன் 2025இல் லேக்கர்ஸுக்குப் போனதிலிருந்து பழைய பேச்சு மறுபடி கிளம்பிவிட்டது. ஃபீனிக்ஸ் சன்ஸ் அவரைச் சரியான நேரத்தில் கைகழுவியது என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2023 செப்டம்பரில் நடந்தது இதுதான். போர்ட்லேண்டின் நட்சத்திரம் டேமியன் லில்லார்ட் மில்வாக்கிக்குப் போன மும்முனை ட்ரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) சன்ஸ் எய்ட்டனையும் டூமானி கமாரா என்ற புதுமுகத்தையும் போர்ட்லேண்டுக்குக் கொடுத்தது. பதிலுக்கு யூசுஃப் நுர்கிச், கிரேசன் ஆலன், நாசிர் லிட்டில், கியோன் ஜான்சன் வந்தார்கள். அணியில் ஏற்கெனவே புக்கர், டுரான்ட், பீல். தானே ஷாட் உருவாக்கத் தெரிந்த மூன்று பேர் இருக்கும் இடத்தில் சென்டர் செய்ய வேண்டியது இரண்டே வேலை. ஸ்க்ரீன் (சக வீரரைத் துரத்தும் எதிராளியை உடலால் மறித்து நிற்பது) போட்டதும் கூடையை நோக்கி ஓடி லாப் (கூடைக்கு மேலே தூக்கிப் போடும் பந்து) பிடிக்க வேண்டும். எதிரணி உள்ளே வந்தால் மறிக்க வேண்டும். நுர்கிச் எம்பிக் குதிக்கிற ஆளே இல்லை. 2019இல் கால் முறிந்து மீண்டு வந்தவர். அந்த உழைப்புக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் இந்த அணிக்கு அவர் பொருந்தவில்லை.

எண்ணிக்கைவாணன்:
நீங்கள் எய்ட்டனையும் நுர்கிச்சையும் மட்டும் தராசில் வைக்கிறீர்கள் நண்பா. அணி அப்படி வைத்துப் பார்க்க முடியாது. 2022இல் இண்டியானா நீட்டிய நாலு வருட, 13.3 கோடி டாலர் ஒப்பந்தத்தை சன்ஸ் ஈடுசெய்து எய்ட்டனைத் தக்கவைத்தது. 2023-24இல் அவர் சம்பளம் 3.2 கோடி டாலருக்கு மேல். நுர்கிச்சுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். மீதியில் ஆலன் வந்தார். அந்த சீசனில் மூணு புள்ளி ஷாட்டில் லீக்கிலேயே முதலிடம் ஆலனுக்கு, 46.1 சதவீதம்!

புதிய சம்பள விதிகளையும் பாருங்கள். இரண்டாம் ஏப்ரன் என்ற மிக உயர்ந்த சம்பள வரம்பைத் தாண்டிய அணி, 2024 கோடையிலிருந்து இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. டுரான்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நாலு முதல்சுற்று டிராஃப்ட் உரிமைகள் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள்) எல்லாம் போய்விட்டன. பீலுக்கு கிறிஸ் பால் போனார். பெஞ்சில் ஆளே இல்லை. கையில் மிச்சமிருந்த ஒரே பெரிய நோட்டு எய்ட்டன்தான். அதை மாற்றிச் சில்லறை வாங்கினார்கள். வேறு வழி என்ன இருந்தது?

பெயிண்ட்காவலன்:
சில்லறை வாங்கலாம். ஆனால் எந்தச் சில்லறை? லிட்டிலும் கியோன் ஜான்சனும் பிளேஆஃப் (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் தொடர்கள்) ஆட்டத்தைத் திருப்பினார்களா? ஆலனை ஏற்கிறேன், அவர் நல்ல வரவு. அதே ட்ரேடில் போன கமாரா 2024-25இல் லீக்கின் சிறந்த தற்காப்பாளர் இரண்டாம் அணியில் இடம்பிடித்தார். டிராஃப்டில் 52ஆவது இடத்தில் எடுத்த பையன், மிகக் குறைந்த சம்பளம். சம்பளக் கணக்கு பேசுகிற நீங்கள் முதலில் வருத்தப்பட வேண்டியது அவருக்காகத்தான்.

கடைசிநொடி:
2021 கிளிப்பர்ஸ் தொடர், இரண்டாவது ஆட்டம். 0.9 நொடி மிச்சம். சன்ஸ் வீரர் கிரவுடர் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தைக் கூடைக்கு மேலே போட, எய்ட்டன் பறந்து உள்ளே தள்ளினார். 104-103. அந்த வருடம் சன்ஸ் இறுதிச்சுற்று வரை போனது. அந்தப் பிளேஆஃப் முழுக்க அவர் எறிந்த ஷாட்களில் நூற்றுக்கு 65க்கு மேல் உள்ளே விழுந்தன. அந்தப் பந்துக்கு நுர்கிச்சால் எழும்ப முடியுமா? எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

எண்ணிக்கைவாணன்:
போதாது. 2021 எய்ட்டன் வேறு, 2023 எய்ட்டன் வேறு. 2022இல் டாலஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் சன்ஸ் 123-90 என்று நொறுங்கியது. எய்ட்டன் ஆடியது 17 நிமிடம். ஏன் என்று கேட்டதற்கு, அது உள் விவகாரம் என்று மட்டும் சொன்னார் பயிற்சியாளர் மான்ட்டி வில்லியம்ஸ். அடுத்த வருடம் டென்வர் தொடரில் அவர்களுடைய சென்டர் யோக்கிச் ஒரே ஆட்டத்தில் 53 புள்ளி எடுத்தார், தொடர் முழுக்க சராசரியாக 34.5. ஆறாவது ஆட்டத்துக்கு விலா அடியால் எய்ட்டன் வரவேயில்லை. பந்து கைக்கு வராத நாளில் ஓடுவதையே குறைத்துக்கொள்ளும் சென்டரை மூன்று நட்சத்திரங்கள் பக்கத்தில் எப்படி வைப்பீர்கள்? அவர்கள் மூவரும் ஷாட் போட்டபின் இவருக்கு என்ன மிஞ்சும்?

ஐந்தாம்நிலை:
இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான் கல்லூரி அணியில் மூன்று வருடம் சென்டர் ஆடியவள். நாற்பது ஸ்க்ரீன் போட்டு நாலு முறை பந்து தொடும் வேலை அது. அதில் மனம் சோர்வது சோம்பேறித்தனம் இல்லை. எதற்காக ஓடுகிறோம் என்று தெரிந்தால் எந்தச் சென்டரும் ஓடுவாள். எங்கள் பயிற்சியாளர் ஆட்டத்தின் முதல் பந்தை எப்போதும் எனக்குத்தான் கொடுக்கச் சொல்வார். அதன்பின் கடைசி வரை அடித்துப் பிடித்து ஸ்க்ரீன் போடுவேன். எய்ட்டன் விஷயத்தில் உறவு கெட்டிருந்தது நிஜம், ஆனால் அதைச் சரிசெய்ய 2023இல் வாய்ப்பு வந்தது. வில்லியம்ஸ் போய் ஃபிராங்க் வோகல் வந்தார். வோகல் இண்டியானாவில் ராய் ஹிபர்ட்டைக் கூடைக்கு முன்னால் நிறுத்தித் தற்காப்பு கட்டியவர். எய்ட்டனை அவர் கையில் ஒரு சீசன்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அதே நேரம் நுர்கிச்சைப் பற்றி இங்கே நடக்கும் பேச்சு நியாயமில்லை. அவர் ஸ்க்ரீன் சுவர் மாதிரி. புக்கரைத் துரத்தும் ஆள் அதில் மோதி நின்றுவிடுவான். ஒழுங்கான பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) இல்லாத அணியில் எல்போவில் (ஃப்ரீ த்ரோ கோட்டின் மூலையில்) நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்தது அவர்தான். அந்த சீசன் சராசரி 10.9 புள்ளி, 11 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 4 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்). 2024 மார்ச்சில் ஓக்லஹோமாவுக்கு எதிராக 31 ரீபவுண்ட். முன்னாள் சன்ஸ் வீரர் பால் சைலஸின் 27ஐத் தாண்டிய அணிச் சாதனை அது.

பெயிண்ட்காவலன்:
அக்கா, 31 ரீபவுண்ட் எடுத்த அந்த ஆட்டத்திலும் சன்ஸ் தோற்றது. ரீபவுண்ட் தவறி வந்த பந்துக்குத்தான். நான் பேசுவது உள்ளே விழுந்த பந்தைப் பற்றி. 2024 முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0. முதல் ஆட்டமே 120-95. கோபேர், டவுன்ஸ், நாஸ் ரீட் என்று அவர்கள் பக்கம் மூன்று பெரிய ஆட்கள். நுர்கிச் வெளியே நின்றால் யாரும் அவரைக் காக்க வரவில்லை, மூணு புள்ளி ஷாட் நாலுக்கு ஒன்றுதான் விழும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆளில்லாமல் விட்ட தற்காப்பாளன் டுரான்ட் பாதையில் நின்றான். இன்னொரு முனையில் மினசோட்டாவின் ஆந்தனி எட்வர்ட்ஸ், கூடையைக் காக்கப் பின்வாங்கும் நுர்கிச்சை நோக்கி வேகமெடுத்து வந்தார். கடைசி ஆட்டத்தில் 40 புள்ளி.

எண்ணிக்கைவாணன்:
எட்வர்ட்ஸை அன்று எந்தச் சென்டரும் நிறுத்தியிருக்க முடியாது. பீல் அந்த சீசனில் 53 ஆட்டம்தான் ஆடினார். அடுத்த வருடம் புதுப் பயிற்சியாளராக பியுடென்ஹோல்சர் வந்தும் 36 வெற்றி, 46 தோல்வி, பிளேஆஃபே இல்லை. நுர்கிச்சை 2025 பிப்ரவரியில், ஒரு முதல்சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, சார்லட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டின் அஸ்திவாரமே ஆடும்போது ஒரு தூணை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஐந்தாம்நிலை:
அவரைத் தள்ளிவிட முதல்சுற்று உரிமையைக் கூடச் சேர்த்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் எய்ட்டனுக்குக் கிடைத்தது எவ்வளவு குறைந்த விலை என்றும் பாருங்கள். 2018 டிராஃப்டில், பின்னாளில் பெரிய நட்சத்திரமான லூகா டோன்சிச்சுக்கு முன்னால், சன்ஸ் முதல் ஆளாக எடுத்த சென்டர். விற்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். விற்றவர்கள் வாங்கியது ஸ்க்ரீன் போடும் பாதியை. ரிம்மை (கூடையை) காக்கும் பாதி வரவே இல்லை.

எண்ணிக்கைவாணன்:
இது நியாயமான பேச்சு. ரிம் காக்க ஒரு ஆள் தனியாக வேண்டியிருந்தது, அதை ஏற்கிறேன். ஆனால் எய்ட்டனே அந்த ஆள் என்பதை ஏற்கவே மாட்டேன். போர்ட்லேண்டில் முதல் சீசனில் 16.7 புள்ளி, 11.1 ரீபவுண்ட் எடுத்தார்; அணி 21-61. இரண்டாவது சீசனில் 40 ஆட்டம். கூடைக்கு ஏறுவதை விட்டுவிட்டு மிட்ரேஞ்சில் (நடுத்தூரத்தில்) பின்னால் சாய்ந்து போடும் பழக்கம் அங்கேயும் போகவில்லை.

கடைசிநொடி:
அங்கே லாப் போட யார் இருந்தார்கள்? லேக்கர்ஸில் டோன்சிச் இருக்கிறார். அவர் கையிலிருந்து வரும் பந்தைப் பிடிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

பெயிண்ட்காவலன்:
சரியான சோதனை அதுதான். நான் பார்க்கப்போவது அவர் எடுக்கும் புள்ளியை இல்லை. டோன்சிச் பந்தே கொடுக்காத நாளில் எய்ட்டன் தற்காப்புக்குத் திரும்பி ஓடுகிறாரா என்று பார்ப்பேன். ஓடவில்லை என்றால் இதே இழையில் வந்து எண்ணிக்கைவாணன் சொன்னதுதான் சரி என்று எழுதுகிறேன்.