அமெரிக்காவில் இளங்கலை: சுபாவத்துக்கு ஒத்துவராத காலேஜ், நீங்கள் நேரில் பார்த்த ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள் (இணையக் குழு உரையாடல்; ஒவ்வொரு பதிலுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

வடகோடி
மூன்றாவது வாரம். பெரிய மாநிலப் பல்கலை, 300 பேர் உட்காரும் பொருளாதார லெக்சர், அதற்கு 24 பேர் கொண்ட டிஸ்கஷன் பிரிவு. மதுரைப் பக்கத்துப் பையன். கேள்வி விழுந்ததும் அவன் கை காது வரை ஏறும், அப்படியே தலையைச் சொறிந்துவிட்டு இறங்கும். வகுப்பு கலைந்ததும் வாசலில் நின்று ஒரு தாளை டிஏவிடம் (பிரிவை நடத்தும் உதவி ஆசிரியர்) நீட்டினான். அன்று கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில், கோட்டுப்படத்தோடு, ஒன்றுகூடத் தப்பில்லை. அந்தக் கோர்ஸில் பங்கேற்புக்கு 15 சதவீதம். வாயால் சொன்னால்தான் கணக்கு. தாளுக்கு ஒன்றுமில்லை.

“பேச வராது, அதனால பெரிய இடமாப் பார்த்தேன், கூட்டத்துல ஒளிஞ்சுக்கலாம்னு” என்றான். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் நிறைய. பெரிய கேம்பஸில் ஒளிந்துகொள்ள முடியும், அதுதான் சிக்கல். அட்வைசரைப் பிடிப்பது, நிரம்பிய கோர்ஸில் இடம் கேட்பது, ஆபீஸ் ஹவர்ஸ் (பேராசிரியரைச் சந்திக்கும் நேரம்) வரிசையில் நிற்பது, ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை கேட்டு மெயில் போடுவது, எல்லாம் நாமாகப் போய்க் கதவைத் தட்டினால்தான். இரண்டு வாரம் வகுப்புக்குப் போகாவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள்.

சேருவதற்கு முன்பே பார்க்க முடிந்த விஷயம் இது. பல்கலையின் பெயர், கோர்ஸ் எண், சிலபஸ் என்ற சொல், மூன்றையும் சேர்த்துத் தேடினால் பழைய செமஸ்டரின் பிடிஎஃப் பெரும்பாலும் கிடைக்கும். முதலாண்டில் எடுக்கப்போகும் மூன்று கோர்ஸுக்குப் பாருங்கள். மதிப்பெண் பங்கீட்டுப் பக்கம் மட்டும் போதும். பங்கேற்பு 10 சதவீதத்துக்கு மேலா? இணையப் பலகையில் எழுதுவதும் பங்கேற்பாக எண்ணப்படுமா? எண்ணப்படும் இடமாக இருந்திருந்தால் அந்தப் பையனின் தாளுக்கு முழு மதிப்பெண்.

கவுன்சலர்அக்கா
சென்னை. அப்பா கையில ரேங்கிங் பிரின்ட் அவுட், மஞ்சள் ஹைலைட்டர், முதல் 40 வரைக்கும் கோடு. பொண்ணு ஜன்னலைப் பார்த்துட்டு இருக்கா. நான் அவகிட்ட கேட்டேன், “ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல யாருமே இல்லைன்னா என்ன பண்ணுவ?” அப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவ முந்திக்கிட்டா: “ஒரே விஷயம்தான் பண்ணுவேன். போன வாரம் பழைய டேபிள் ஃபேனைப் பிரிச்சேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கல.” அந்த 40ல ஒண்ணுகூட அந்தப் பதிலுக்குப் பொருந்தல.

அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு ப்ளாக் முறைன்னு ஒண்ணு இருக்கு. கொலராடோ காலேஜ்ல 1970லேர்ந்து நடக்குது. ஒரு நேரத்துல ஒரே கோர்ஸ், மூன்றரை வாரம், வருஷத்துக்கு 8 ப்ளாக். புதன் மதியம் முடியும், அடுத்தது திங்கள் காலைல ஆரம்பம். அயோவால இருக்கிற கார்னெல் காலேஜும் இதே மாதிரிதான் (நியூயார்க்ல இருக்கிற கார்னெல் பல்கலை வேற, விசா நேர்காணல்ல இதைக் குழப்பிக்கிட்டவங்க உண்டு).

எங்க உதைக்கும்னா, காய்ச்சல்ல மூணு நாள் படுத்தா சாதாரண செமஸ்டர்ல ரெண்டு வாரத்துக்கு மேல பாடம் போன மாதிரி. ஒரு நாள் படிச்சது மூணு நாள் ஊறினாத்தான் புரியும்கிற பிள்ளைக்குக் கால்குலஸை மூன்றரை வாரத்துல குடுத்தா திணறிடும். அக்டோபர்ல படிச்ச மொழிக்கு அடுத்த பகுதி பிப்ரவரிலதான் கிடைச்சதுன்னா பாதி மறந்திருக்கும். கொலராடோ ஸ்பிரிங்ஸ் 6,000 அடி உயரம்கிறதையும் ஆஸ்துமா இருக்கிற பிள்ளைங்க வீட்ல கணக்குல வெச்சுக்கணும்.

கடைசிபெஞ்ச்
வடகோடி அண்ணே, பாதிதான் ஒத்துக்குவேன். பேச வராதவனைச் சின்ன லிபரல் ஆர்ட்ஸ் காலேஜுக்கு அனுப்பினா அது இன்னும் மோசம். அங்க 12 பேர் வட்டமா உட்காருவாங்க, ஒளியறதுக்குத் தலைக்கு முன்னாடி ஒரு முதுகுகூட இருக்காது. அனாபொலிஸ்லயும் சாண்டா ஃபேலயும் இருக்கிற செயின்ட் ஜான்ஸ் காலேஜை எடுத்துக்கோங்க. துறை கிடையாது, மேஜர்னு (முதன்மைப் பாடம்) ஒண்ணும் கிடையாது, எல்லாரும் ஒரே புத்தகங்கள். முதல் வருஷக் கணக்கே யூக்ளிட்தான், நிரூபணத்தைப் பலகைல போய் நின்னு செஞ்சு காட்டணும். திங்கள், வியாழன் ராத்திரி செமினார். அங்க பேச்சுதான் படிப்பு. அதுக்குன்னே பிறந்தவன் இருக்கான், அவனுக்கு அதைவிட நல்ல இடம் உலகத்துல இல்லை. அந்த மதுரைப் பையனுக்கு இல்லை.

இன்னொண்ணு. “எங்களோட ஆசிரியர் மாணவர் விகிதம் 1க்கு 9”னு ப்ரோஷர்ல போடுவான். அது வகுப்போட அளவு இல்லை. காமன் டேட்டா செட்னு ஒரு படிவம், பெரும்பாலான கல்லூரிகள் இன்ஸ்டிடியூஷனல் ரிசர்ச் (காலேஜோட புள்ளிவிவர அலுவலகம்) பக்கத்துல வருஷாவருஷம் போடும். ஐ3ன்னு ஒரு பட்டியல். 2லேர்ந்து 9 பேர், 10லேர்ந்து 19 பேர்னு ஆரம்பிச்சு 100க்கு மேல வரைக்கும், எத்தனை வகுப்புன்னு இருக்கும். ரெண்டு வரிசை. மேல இருக்கிறது வகுப்பு, கீழ இருக்கிறது லேப், டிஸ்கஷன் மாதிரி துணைப் பிரிவு. மேல் வரிசைல 100க்கு மேல எத்தனைன்னு பாருங்க. அங்க 60 வகுப்புதான் இருக்குன்னு தோணும், ஆனா ஒவ்வொண்ணுலயும் 300 பேர்னா 18,000 நாற்காலி. முதல் வருஷப் பசங்க உட்கார்றது அங்கதான். 8 பேர் வகுப்பெல்லாம் நாலாம் வருஷத்துக்காரனுக்கு.

அதே படிவத்துல எஃப்1ங்கிற பகுதில (விசா இல்லை) எத்தனை சதவீதம் பேர் ஹாஸ்டல்ல தங்கறாங்க, எத்தனை பேர் ஃப்ரெட்டர்னிட்டி, சொராரிட்டின்னு சொல்ற மாணவர், மாணவியர் சங்கங்கள்ல சேர்றாங்கன்னு இருக்கும். காலேஜ் தங்குமிடம் 20 சதவீதம்னா சனி ஞாயிறு கேம்பஸ் காலி, காரில்லாத வெளிநாட்டுப் பையன் தனியாத்தான் இருப்பான். ஃப்ரெட்டர்னிட்டி பாதிக்கு மேலன்னா வெள்ளி ராத்திரி எங்க போறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. பி22 பார்த்தா முதல் வருஷம் சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் ரெண்டாம் வருஷம் திரும்பி வந்தாங்கன்னு தெரியும்.

ஐட்வென்டி
டிசம்பர் 20, காலை 11:50. ஹாஸ்டல் படிக்கட்டு. இரண்டு பெட்டி, ஒரு ரைஸ் குக்கர் கவரில். சாவி அட்டை 12 மணிக்குச் செயலிழக்கும் என்று மெயில் அக்டோபரிலேயே போயிருக்கிறது. அந்தப் பெண் ஸ்பாமில் தேடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக் கூடம் முந்தின ராத்திரியே மூடியாயிற்று. ஊரில் இருந்தது ஒரு மோட்டல். பெண் கூச்ச சுபாவம், யார் வீட்டுக்கும் வருகிறேன் என்று கேட்கத் தெரியாது.

சர்வதேச மாணவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது வருஷா வருஷம் வரும் முகம். சேருமுன் மெயிலில் கேட்க வேண்டியவை: குளிர்கால விடுமுறையில் அதே அறையில் இருக்கலாமா, தனிக் கட்டணமா, எந்தத் தேதிக்குள் பதிய வேண்டும், அந்த வாரங்களில் சாப்பாடு எங்கே, தேங்க்ஸ்கிவிங் நான்கு நாளும் கூடம் திறந்திருக்குமா, விமான நிலையத்துக்கு காலேஜ் வண்டி உண்டா. அயோவாவில் உள்ள கிரினெல் காலேஜ் மாதிரி இடம் படிப்பில் அருமை, முதலாண்டு டுடோரியலும் மேஜரும் தவிர எதையும் கட்டாயமாக்குவதில்லை. ஆனால் ஊர் சுமார் 9,500 பேர், டெமாய்ன் விமான நிலையத்துக்குக் காரில் ஒரு மணி நேரம், டிசம்பரில் 5 மணிக்கு முன்பே இருட்டு. தனிமை பிடிக்கும் என்று சொல்கிற பிள்ளைக்குப் பிடித்தது பெரும்பாலும் வீட்டில் நாலு பேர் இருக்கும்போது கதவைச் சாத்திக்கொள்வது. கதவுக்கு வெளியேயும் ஆளில்லாதபோது அது வேறு விஷயம்.

வடகோடி சொன்ன பையனைப் பற்றி ஒன்று. இப்படிப்பட்டவர்கள் முதலில் செய்வது கோர்ஸை டிராப் செய்வது. எஃப்1 என்ற மாணவர் விசாவில் இளங்கலைக்குச் செமஸ்டருக்கு 12 கிரெடிட் கட்டாயம். 15ல் இருந்து 12 ஆகலாம். 9 ஆனால், டிஎஸ்ஓ (காலேஜில் மாணவர் விசா விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி) முன்கூட்டியே அனுமதித்திருந்தால் ஒழிய, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவு ரத்தாகும். முதலில் அலுவலகத்துக்கு வாருங்கள், பிறகு டிராப் பொத்தானை அழுத்துங்கள். அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாததும், தவறான நிலைக் கோர்ஸில் சேர்ந்ததும் விதியிலேயே ஒப்புக்கொண்ட காரணங்கள். அந்தச் சலுகை ஒரு படிப்பு நிலைக்கு ஒருமுறைதான், 6 கிரெடிட்டுக்குக் கீழே இறங்க முடியாது, அடுத்த செமஸ்டரில் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும்.

பெரியவர்கோவை
சுபாவம், ஞாயிற்றுக்கிழமை, டேபிள் ஃபேன் எல்லாம் சரி. பணம்? ஒரு தகப்பனார் எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் சேர்ந்தாக வேண்டிய விண்ணப்பம்) போட்டுவிட்டு, இடம் கிடைத்த பிறகு “உதவித்தொகை கேட்டுக்கலாம்ல?” என்று கேட்டார். விண்ணப்பத்தில் உதவி வேண்டாம் என்று டிக் அடித்திருந்தது. அந்த டிக்கைப் பின்னால் மாற்ற வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலான கல்லூரிகள் விடுவதில்லை. அது முதல் வருஷத்துக்கு மட்டுமல்ல, நான்கு வருஷத்துக்கும்.

ஆகவே இளைஞர்களே, பணம் கேட்பதால் சேர்க்கை பாதிக்காது என்று வெளிநாட்டவருக்கும் உறுதி தருபவை சில கல்லூரிகளே: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மத், போடின். இன்னும் சில உண்டு, விரல் விட்டு எண்ணலாம். மற்ற இடங்களில் கேட்கும் தொகை கூடக்கூட வாய்ப்பு குறையும். கலிஃபோர்னியாப் பல்கலை வளாகங்கள் தேவை அடிப்படையில் வெளிநாட்டவருக்குப் பணம் தருவதில்லை. அதே காமன் டேட்டா செட்டில் எச்6 பாருங்கள், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்தார்கள் என்று இருக்கும்.

“பிடிக்கலேன்னா மாத்திக்கலாம்” என்பதை நம்பாதீர்கள். முதலாண்டில் கிடைத்த உதவி கூடவே வராது. மாற்றலாகி வருகிற வெளிநாட்டவருக்குப் பணமே ஒதுக்காத கல்லூரிகள் பல. பட்டத்துக்கான கிரெடிட்டில் பாதியையாவது தங்களிடமே எடுக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. செவிஸ் மாற்றலில் 5 மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்கியாக வேண்டும்.

மேஜரின் சிஐபி எண்ணையும் (அமெரிக்க அரசு பாடப்பிரிவுக்குத் தரும் எண்) கேட்டு வாங்குங்கள். பொதுப் பொருளாதாரம் 45.0601, அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை, படித்தபின் வேலை அனுமதி (ஓபிடி) 12 மாதம். 45.0603 என்றால் ஸ்டெம், இன்னும் 24 மாதம் கேட்கலாம். பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான், எண் வேறு. இன்னொரு விஷயம், முழுநேர சிபிடி (படிக்கும்போதே படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதி) 12 மாதம் ஆகிவிட்டால் ஓபிடி கிடையாது. கோ-ஆப் (படிப்புக்கு நடுவே வேலைக்கு அனுப்பும் முறை) உள்ள கல்லூரியில் ஆறு ஆறு மாதமாக இரண்டு தடவை போகிறவர்கள் தேதியை எண்ணிக்கொள்ளட்டும்.

கடைசிபெஞ்ச்
பெரியவரே, யாரும் விசா கேட்கலையே. சுபாவம்தானே தலைப்பு?

பெரியவர்கோவை
கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளையின் சுபாவத்தில் பாதி அந்தக் கடன்தான் தம்பி.

புதன்கிழமை
முடிவெடுக்கத் தெரியாத பிள்ளைகளை யாரும் சொல்லவில்லை. ஒரு பையன், அட்வைசர் மேஜைக்கு எதிரே, அன்டிக்ளேர்ட், அதாவது மேஜர் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. “உள்ள வந்துட்டேன்ல, இனி சிஎஸ்ஸுக்கு (கம்ப்யூட்டர் சயின்ஸ்) மாறிக்கிறேன்.” அட்வைசர் திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்தத் துறையின் பக்கத்தில் ஒரே வரி: உள் மாற்றல் ஏற்கப்படாது.

வாஷிங்டன் பல்கலையிலும் இல்லினாய் அர்பானாவிலும் சிஎஸ் வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும்போதே நேரடியாக அதற்குப் போடுவதுதான் வழி, உள்ளே போய் மாறுவது மிகக் கஷ்டம். பர்டூவில் பொறியியல் முதலாண்டு எல்லோருக்கும் பொது, பிறகு அந்த வருட மதிப்பெண்ணை வைத்துப் பிரிவு. அதாவது முதல் வருஷமே போட்டி. போட்டியில் சூடு பிடிக்கிற பிள்ளைக்கு அது சரி. சுருங்கிப்போகிறவனுக்கு பிரவுன் மாதிரி இடம், 1969 முதல் திறந்த பாடத்திட்டம், பொதுக் கட்டாயப் பாடப் பட்டியலே கிடையாது. ஆனால் பிரவுனில் அட்வைசர் இருந்தாலும் எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியது பிள்ளைதான். யாராவது நேர அட்டவணை போட்டுக் கொடுத்தால்தான் ஓடுகிற பிள்ளைக்கு அந்தச் சுதந்திரமே சுமை.

தேட வேண்டிய சொற்கள்: பல்கலைப் பெயரோடு சேஞ்ச் ஆஃப் மேஜர், துறைப் பெயர். அட்மிஷன் பக்கத்தை நம்பாமல் துறையின் சொந்தப் பக்கத்தையே படியுங்கள். கால அளவையும் பாருங்கள். வாஷிங்டன், நார்த்வெஸ்டர்ன் எல்லாம் குவார்ட்டர் முறை, சுமார் 10 வாரம், மூன்றாவது நான்காவது வாரமே மிட்டெர்ம். சூடேற நாளாகும் பிள்ளைக்குச் சூடேறும்போது குவார்ட்டர் முடிந்திருக்கும்.

மார்க்ஷீட்
ஒரு பெண், பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். ஒரு பக்கம் முழுக்கப் பேராசிரியர் கையெழுத்தில் கருத்து. மதிப்பெண் இல்லை. “இது ஏ-யா, பி-யா?” “நீ மூன்றாவது பத்தியில் சொன்னதை இன்னும் நிரூபிக்கவில்லை.” “சரி, ஆனா ஏ-யா?”

போர்ட்லாண்டில் உள்ள ரீட் காலேஜ் இப்படித்தான், மதிப்பெண் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் சொல்வார்கள், பேப்பரில் போட்டுத் தருவதில்லை. எல்லோரும் ஹ்யூமானிட்டீஸ் 110 எடுக்க வேண்டும், கடைசி வருஷம் எல்லோரும் ஆய்வேடு எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு தேர்வுக்கும் ரேங்க் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலருக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் பிள்ளை விடைத்தாளை வாங்கியதும் முதலில் பார்ப்பது மொத்தத்தையா, தப்பான இடத்தையா? வீட்டிலேயே தெரிகிற விஷயம் இது, அமெரிக்கா போகத் தேவையில்லை.

கவுன்சலர்அக்கா
அந்த ஃபேன் பொண்ணோட மீதிக் கதை. ஜூம்ல மாணவத் தூதர் ஒருத்தன் வந்தான். இவங்க வேலையே சிரிக்கிறது, காலேஜ் சம்பளம் குடுக்குது. “கம்யூனிட்டி எப்படி”ன்னு கேட்டா “அமேசிங்”னுதான் வரும். இவ கேட்டா, “போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5லேர்ந்து 10 வரைக்கும் என்ன பண்ணினீங்க?” அவன் சிரிப்பு நின்னுச்சு, கண்ணு மேல போச்சு, யோசிச்சான். “லேப். அப்புறம் லேப்லயே சாண்ட்விச். அப்புறம் ரூம்மேட்டோட சண்டை, பாத்திரம் கழுவறதுக்கு.” அவ நோட்டுல எழுதிக்கிட்டா. அப்பா எதிர்ல உட்கார்ந்து ஹைலைட்டரை மூடினார்.

இந்தக் கேள்வியை மூணு பேர்கிட்டயாவது கேளுங்க, அதுல ஒருத்தர் இந்தியாவோ இலங்கையோ நேபாளமோ, ரெண்டாம் வருஷம். முதல் வருஷத்துக்காரங்களுக்கு இன்னும் புதுசு போகல, நாலாம் வருஷத்துக்காரங்களுக்கு எல்லாம் மறந்திருக்கும். பெரும்பாலான காலேஜ்ல மே 1க்குள்ள இடத்தை உறுதி பண்ற டெபாசிட் கட்டணும், அதனால ஏப்ரல் முதல் வாரமே ஆரம்பிங்க. அப்பவே அந்தக் காலேஜ் மாணவர் பத்திரிகையோட பழைய இதழ்களையும் ஹவுசிங், டைனிங்னு போட்டுத் தேடுங்க. ப்ரோஷர்ல இல்லாத புகார் பாதி அங்க கிடைக்கும்.